ஜனாஸாவுக்கு முன்னும் பின்னும்: நமது சங்கங்களை எதைக் கொண்டு அளப்பது?





கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். ஜனாஸா சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் நெருங்குகிறது. சேர்ந்திருக்கும் பணத்தில் இரண்டாவது வாகனம் வாங்குவதா, இல்லை படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கும் இத்தா இருக்கும் பெண்களுக்கும் ஏதாவது ஒழுங்கு செய்வதா என்று பேச்சு அடிபடுகிறது. மூத்தவர் ஒருவர் கேட்டார்: "வாகனம் எத்தனை தரம் ஓடியது என்று கணக்குக் காட்டலாம். ஆறுதல் சொன்னதற்கு எப்படித் தம்பி கணக்குக் காட்டுவது?" நியாயமான கேள்வி. ஊரார் காசுக்குப் பொறுப்பானவர் இப்படித்தான் கேட்க வேண்டும்.

நான் வரலாறு படிப்பிக்கிற ஆள். அதனால் இந்தக் கேள்வியை வேறு ஊர்களிலும் வேறு காலங்களிலும் மனிதர்கள் எப்படிச் சந்தித்தார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

நமக்கே தெரிந்த சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 629. மூத்தாப் போரில் ஜஃபர் இப்னு அபீ தாலிப் (ரழி) ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வருகிறது. ஜஃபருடைய வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களுக்கு வேறெதையும் கவனிக்க முடியாத நிலை வந்திருக்கிறது என்ற கருத்தில் நபியவர்கள் (ஸல்) சொன்னதை நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். போர்க்களம் தொலைவில். மதீனாவில் குளிப்பாட்டவோ கபனிடவோ தூக்கவோ மையித்து இல்லை. ஆனாலும் செய்ய வேண்டிய வேலை இருந்தது. அடுப்பும் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்று பல வீடுகளில் நடப்பதோ நேர்மாறு. மௌத்தான வீட்டுக்காரரே வந்தவர்களுக்குச் சோறு போடக் கடன் வாங்குகிறார். (மூன்று, ஏழு, நாற்பது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. தயவு செய்து கொமண்டில் அந்தச் சண்டையை ஆரம்பிக்காதீர்கள்.)

மரணத்துக்காகக் காசு சேர்க்கும் சங்கங்கள் நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தொழிலாளர்கள் வாரம் ஒரு பென்னி கொடுத்து அடக்கச் சங்கங்களில் சேர்ந்தார்கள். காரணம் பயம். 1832இல் வந்த உடற்கூற்றியல் சட்டத்தின்படி, ஏழைகள் விடுதியில் இறந்து உரிமை கோர ஆளில்லாத உடல்களை மருத்துவ மாணவர்கள் வெட்டிப் படிக்கக் கொடுக்க முடிந்தது. வயிற்றுக்கு இல்லாவிட்டாலும் அடக்கத்துக்குக் காசு கட்டினார்கள். நம் நாட்டிலும் சிங்களக் கிராமங்களில் மரணாதார சமிதி உண்டு. தமிழ்க் கிராமங்களில் மரண உதவிச் சங்கம் உண்டு. கூடாரம், கதிரை, பாத்திரம், கைக்காசு எல்லாம் அவர்கள் கொடுப்பார்கள். கண்ணியமாக அடக்கப்பட வேண்டும் என்ற ஆசைக்கு மதம் கிடையாது.

இவற்றில் என் மனதை நிறுத்தியது எத்தியோப்பியா. நஜ்ஜாஷி மன்னர் நம் ஸஹாபாக்களுக்கு இடம் கொடுத்த அபிசீனியாதான். அங்கே "இத்திர்" என்று ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு சங்கம் இருக்கிறது. மாதச் சந்தா, பெயர்ப் பட்டியல், எழுதி வைத்த விதிகள், யார் குழி வெட்டுவது, யார் சமைப்பது என்ற ஒழுங்கு எல்லாம் நம்முடைய சங்கம் போலவே. பல இத்திர்களில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக இருக்கிறார்கள். 1990களில் எயிட்ஸ் அந்த நாட்டைத் தாக்கியபோது இந்தச் சங்கங்கள் ஆட்டம் கண்டன. முதியவர்களுக்காகச் சேர்த்த காசு இளம் ஆட்களின் மரணத்துக்குப் போகத் தொடங்கியது. நிதி வற்றியது. அப்போது அடிஸ் அபாபாவில் சில இத்திர்கள் தங்களையே ஒரு கேள்வி கேட்டன: ஆள் மௌத்தாகும் வரை நாம் ஏன் காத்திருக்கிறோம்? நோயாளி வீட்டுக்குப் போய் கழுவிவிட, சோறு கொடுக்க, அனாதையான பிள்ளைகளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அடக்கச் சங்கம் பராமரிப்புச் சங்கமானது. அதற்காக அடக்கத்தை அவர்கள் விட்டுவிடவில்லை.

இனி நம்ம கரைக்கு வருவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். முப்பது வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் நான் அதை விவரிக்கத் தேவையில்லை. நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமான உயிர்கள். நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை நம் கரையிலும், அந்தப் பக்கம் கிண்ணியா, மூதூரிலும் அன்று மையித்துகளைத் தனித்தனியாகக் குளிப்பாட்டிக் கபனிட்டு அடக்க யாருக்கு நேரம் இருந்தது? கிழக்குக் கரை முழுக்க, கிடைத்த துணியில் சுற்றி, கிடைத்த கைகளோடு அடக்கினார்கள். மணல் மண்ணில் குழி வெட்டினால் சரியும் என்பது நமக்குத் தெரியும். அன்று சரியச் சரிய வெட்டினார்கள்.

அதற்குப் பிறகு வந்தது இரண்டாவது அலை. உதவி அமைப்புகளின் அலை. படகு தந்தார்கள், வீடு தந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். அதோடு உளவளத்துணை என்று பலர் வந்தார்கள். சிலர் நம் மொழி தெரியாமல், ஒரு வாரப் பயணத்தில், பிள்ளைகளிடம் "கடலை வரை" என்று கடதாசி கொடுத்துவிட்டுப் போனார்கள். இப்படி வருகிறவர்கள் எங்கள் மக்களை மனம் உடைந்தவர்களாக மட்டும் பார்க்க வேண்டாம் என்று கொழும்புப் பல்கலைக்கழகக் கல்வியாளர்கள் சிலர் அன்றே கேட்டுக்கொண்டார்கள். இலங்கை உளவியலாளரான காயத்ரி பெர்னாண்டோ கண்ட விஷயம் முக்கியமானது. இங்குள்ளவர்கள் தங்கள் துயரத்தைத் தலைக்குள் நடக்கும் நோயாகச் சொல்லவில்லை. உறவுகளுக்குள் தன் இடம் போனதாகச் சொன்னார்கள். தாயாக, மகனாக, அண்ணனாக இருந்த அந்த இடம்.

அவர்கள் தங்கள் வேலையை எப்படி அளந்தார்கள்? எத்தனை பேர் அமர்வுக்கு வந்தார்கள், எத்தனை பயிற்சி நடந்தது என்று. அறிக்கையில் எண்கள் அழகாக இருந்தன. சம்பவம் நடந்த உடனேயே ஒரு தடவை உட்கார வைத்து எல்லாவற்றையும் பேச வைக்கும் முறை பின்னாளைய மனப் பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று 2002இலேயே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். 2007இல் ஐ.நா. அமைப்புகளும் மற்ற உதவி அமைப்புகளும் சேர்ந்து அனர்த்த கால உளநலத்துக்கு வழிகாட்டி வெளியிட்டபோது, முதலில் பாதுகாப்பு, உணவு, தங்குமிடம், பிறகு குடும்பமும் ஊரும் தங்கள் வழக்கப்படி ஒன்றுகூடும் வாய்ப்பு, அதன் பிறகே தேவைப்படும் சிலருக்கு நிபுணர் என்று அடுக்கி வைத்தார்கள். அதாவது நம் உம்மாமார் முதல் நாளே செய்ததுதான் அடித்தளம் என்று உலகம் ஒப்புக்கொண்டது.

சுனாமி இன்னொரு கேள்வியையும் விட்டுப் போனது. உடல் கிடைக்காதவர்களின் குடும்பம். மௌத்து என்று எப்போது முடிவு செய்வது, மனைவி எப்போது இத்தா தொடங்குவது, மரணச் சான்றிதழ் இல்லாமல் வங்கியில் என்ன செய்வது? அதற்காக 2005இல் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. யுத்தத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கோ இன்னும் நீண்ட காத்திருப்பு. மரணச் சான்றிதழ் வாங்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்குக் "காணப்படாமைச் சான்றிதழ்" வழங்க 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நம் பிரதேசத்தில் தமிழ், முஸ்லிம் வீடுகளில் இப்படி இருப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகளும் உண்டு. இவர்களுக்கு ஜனாஸா சங்கம் என்ன செய்தது என்று பழைய பதிவுப் புத்தகத்தில் பார்த்தால் ஒரு வரியும் இருக்காது. மையித்து இல்லையென்றால் பதிவும் இல்லை.

மூன்றாவது சம்பவம் இன்னும் ஆறாத காயம். 2020 மார்ச் மாதக் கடைசியில் நீர்கொழும்பில் கொவிட்டால் வபாத்தான ஒரு முஸ்லிம் சகோதரரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம் எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. புதைக்கவும் எரிக்கவும் இரண்டுக்கும் இடமுண்டு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளான பச்சிளம் குழந்தை, பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணிக்குப் பதிலாக ஒரு முழம். கட்டியவர்களில் சிங்களவர், தமிழர், கிறிஸ்தவர் என்று எல்லோரும் இருந்தார்கள். அதை நாம் மறக்கக் கூடாது.

2021 பெப்ரவரி 25இல் அடக்கம் செய்ய அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. முதலில் இரணைதீவு என்றார்கள், அங்கே மக்கள் எதிர்த்தார்கள். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. ஒரு வருடத்தில் அங்கே 3,600க்கும் அதிகமான உடல்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆனால் இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அதே மண்ணில் இருக்கிறார்கள். நாட்டின் எந்த மூலையில் வபாத்தானாலும் மூதூர், வெருகல், வாகரை கடந்தோ, பொலன்னறுவைப் பக்கமாகவோ அங்கே கொண்டு போக வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஓரிருவர் மட்டும் தூர நின்று பார்ப்பார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அது வேறு கதை.

இந்தக் காலத்தைச் சங்கக் கணக்கால் அளந்தால் என்ன வரும்? குளிப்பாட்டியது பூச்சியம். கபனிட்டது பூச்சியம். ஆனால் அந்த மாதங்களில்தான் நம் ஆட்கள் அதிகம் உழைத்தார்கள். வைத்தியசாலைக்குப் போன் எடுத்து எடுத்துத் தகவல் கேட்டவர்கள், முடக்கத்தில் கிடந்த வீட்டு வாசலில் சாமான் பையை வைத்துவிட்டு மதிலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தவர்கள், மஜ்மா நகரில் அங்கியை மாட்டிக்கொண்டு வெயிலில் நின்றவர்கள், கபுறுக்கு இலக்கம் எழுதி வைத்தவர்கள். அந்த இலக்கம் இல்லாவிட்டால் இன்று பிள்ளைகள் தங்கள் வாப்பா எங்கே என்று தேடிப் போக முடியாது. எனவே "அளக்க முடியாத வேலை" என்று நாம் சொல்வது, பல நேரம் நம் பதிவுப் புத்தகத்தில் அதற்கு நிரல் இல்லாத வேலைதான்.

சரி, அளந்து காட்டிய ஊர் உண்டா? உண்டு, பக்கத்திலேயே. கேரளாவின் மலப்புறம் மாவட்டம். நம்மைப் போலவே முஸ்லிம்கள் அதிகம், வளைகுடாவுக்குப் போனவர்கள் அதிகம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் நண்பர்களோடு சேர்ந்து வலி தணிப்புக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். வைத்தியசாலைக்கு வர முடியாதவர்கள்தான் அதிகம் என்று விரைவில் விளங்கியது. அதனால் 2000களின் தொடக்கத்தில் மலப்புறத்தில் அயலவர் வலையமைப்பு உருவானது. தொண்டர்களுக்குச் சில நாள் பயிற்சி: படுக்கைப் புண் வராமல் ஆளைப் புரட்டுவது, புண்ணுக்குத் துணி மாற்றுவது, முக்கியமாகப் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது. தாதி வாரம் ஒருமுறை வருவார், வைத்தியர் தேவைப்பட்டால் வருவார், வலி கடுமையானால் மோர்ஃபின் கிடைக்கும். காசு பெரும்பாலும் ஊர்க்காசு. கடை உண்டியல், பஸ் ஊழியர்கள், பாடசாலைப் பிள்ளைகளின் சில்லறை. 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. 2022இல் மரணத்தின் பெறுமதி பற்றி லான்செட் ஆணைக்குழு அறிக்கை வந்தபோது முன்மாதிரியாகக் காட்டியதும் கேரளாவைத்தான்.

அங்கே எல்லாம் தேன் என்று நான் சொல்லவில்லை. அரசு உள்ளே வந்த பிறகு தொண்டர் பங்கு என்ன என்ற விவாதம் அங்கே இருக்கிறது. எத்தனை வீட்டுக்குப் போனோம் என்ற எண்ணை வைத்துப் பெருமை பேசும் ஆபத்தும் உண்டு. போன வீட்டில் வலி குறைந்ததா என்பது வேறு கேள்வி. நம் நாட்டிலும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய வேலைத்திட்டம் எழுதப்பட்டது. தாளில் நன்றாக இருக்கிறது. மஹரகமவிலிருந்து "இனி வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று அனுப்பப்படும் நம் ஊர் நோயாளிக்கு, பஸ்ஸை விட்டு இறங்கியதும் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நான் கேட்பது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. துக்கத்தில் இருக்கும் எல்லோருக்கும் கவுன்சிலிங் ஏற்பாடு செய்வோம் என்று யாராவது உற்சாகமாகச் சொன்னால் நான் கையுயர்த்த மாட்டேன். 2008இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அமெரிக்க உளவியலாளர்கள் கண்டது: எல்லோருக்கும் பொதுவாகக் கொடுக்கும் துக்கச் சிகிச்சையால் பெரிய பலன் இல்லை, உண்மையாகவே தடுமாறி நிற்பவர்களுக்குக் கொடுத்தால் பலன் உண்டு. அழுகிறவர் எல்லோரும் நோயாளி அல்ல. ஆனால் நாலு மாதமும் பத்து நாளும் முடிந்த பிறகும் முற்றத்துக்கு வராத பெண்ணை யார் கவனிக்கிறார்கள்? அவளை இனங்காண ஆள் வேண்டும்.

வகுப்பிலும் இதைப் பார்க்கிறேன். தகப்பன் மௌத்தாகி நாலாம் நாள் பிள்ளை சீருடை போட்டு வந்துவிடும். முதல் தவணையில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் தவணையில் கொப்பி வராது, பிறகு பிள்ளையே வராது, விசாரித்தால் கடலுக்குப் போகிறான். ஜனாஸா சங்கத்தின் பதிவில் அந்தக் குடும்பத்தின் பக்கம் "நல்லடக்கம் செய்யப்பட்டது" என்று எப்போதோ மூடப்பட்டிருக்கும்.

அப்படியானால் எதைக் கேட்டு அளப்பது? "சங்கத்தின் சேவை திருப்தியா?" என்று கேட்கவே வேண்டாம். "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை" என்றுதான் பதில் வரும். நாளை இன்னொரு மௌத்துக்கு இதே ஆட்கள் வர வேண்டுமே. நடந்ததைக் கேட்க வேண்டும். கடைசி வாரத்தில் நோயாளி வலியில் கத்தினாரா, யாரிடம் மருந்து கேட்டீர்கள்? நாலாம் இரவு அந்த வீட்டில் யார் கூடப் படுத்தார்கள்? முதல் பத்து நாளில் சமைத்தது யார்? மரணச் சான்றிதழ் எத்தனை நாளில் கிடைத்தது, எத்தனை தரம் அலைந்தீர்கள்? ஜனாஸாவுக்கென்று கடன் பட்டதா? பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பினார்களா, ஆறு மாதம் கழித்தும் போகிறார்களா? இவை எல்லாம் எழுதக்கூடிய பதில்கள். கேட்பவர் சங்க நிர்வாகியாக இருக்கக் கூடாது. இத்தா முடிந்த பின், ஒரு பெண் போய்க் கேட்க வேண்டும். பெயர் இல்லாமல் தொகுத்துத்தான் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். நம்ம ஊரில் இரகசியம் எவ்வளவு தூரம் நடந்து போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நம் புத்தகத்தில் இல்லாதவர்களையும் எண்ண வேண்டும். சந்தா பாக்கி வைத்தவர், வாடகைக்கு வந்து குடியேறியவர், நம் தெருவில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஒரு சங்கம் நல்லதா என்று அதன் உறுப்பினரிடம் மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும்.

வாகனத்தை நான் எதிர்க்கவில்லை. திருகோணமலை வைத்தியசாலையிலிருந்து நடுச்சாமத்தில் மையித்தைக் கொண்டுவர ஆளில்லாமல் நின்ற காலத்தை மூத்தவர்கள் மறக்க மாட்டார்கள், அந்த அனுபவத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். ஆனால் இருக்கும் வாகனம் போதாமல் போன நாட்கள் கடந்த வருடத்தில் எத்தனை என்று ஓட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் வாங்குவோம். சிறிதாக இருந்தால், கடந்த வருடம் மௌத்து நடந்த வீடுகளில் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்டு வர இரண்டு மாதம் தாருங்கள். செலவு ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனாவும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், குடும்பநல உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறிய சகோதரி ஒருவரும் போவதற்குச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் கேட்ட ஒரே நிபந்தனை, கூட்டத்தில் பதிலை வாசிக்கும்போது தாங்களும் உள்ளே இருக்க வேண்டும் என்பது. அதற்கு மேல்மாடியில் திரை போட்டு இடம் ஒதுக்க நிர்வாகம் இணங்குமா என்று இந்த ஜும்ஆவுக்குப் பிறகு கேட்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.